வைத்தியநாதன் மாமாவின் லென்ஸ் விஷயமாக

பாலிகஞ்ச், கல்கத்தா-19
11-11-1979, ஞாயிறு

சௌபாக்கியவதி ஷியாமளாவுக்கு அப்பா அநேக ஆசீர்வாதம். நானும் அம்மாவும் பகவான் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். சிங்கப்பூரில் மழைக்காலம் ஆரம்பித்திருக்கும், குழந்தையை நனையவிடாதே. இங்கே குளிர் எட்டிப் பார்க்கிறது, அம்மா டிரங்குப் பெட்டியிலிருந்து ரஜாய்களை எடுத்து மொட்டைமாடியில் உதறிப் போட்டிருக்கிறாள், முழங்கால் வலி முன்னைக்குத் தேவலை. கரண்ட் தினம் நாலு மணி நேரமாவது போய்விடுகிறது, இப்போதும் ஜன்னலோரம் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கீழ் வீட்டு சாட்டர்ஜி குடும்பத்தார் பூஜைக்குச் செய்த தேங்காய் நாடு உருண்டைகளை உன் பங்கையும் சேர்த்து இந்த வருஷமும் அனுப்பினார்கள், நீ இல்லை என்பது அந்த அம்மாளுக்கு ஞாபகமே இருப்பதில்லை.

இந்தக் கடிதம் அவசரம். மாப்பிள்ளையின் ஆபீஸ் சிநேகிதர் முகமது இஸ்மாயில் இந்த மாதம் 28-ம் தேதி கல்கத்தாவுக்குப் புறப்படுகிறார், அவரிடம் லென்ஸைக் கொடுத்தனுப்பலாம் என்று நீ எழுதியிருந்தாய். அதற்குள் இது உன் கையில் கிடைக்க வேண்டும். போன மாதம் 24-ம் தேதி வைத்தியநாதனுக்கு நீ வாங்கப்போகிற லென்ஸைப் பற்றி நான் உனக்கு எழுதியது அத்தனையும் தப்பு. தெரியாமல் நேர்ந்த தப்பும் இல்லை. அதைப் பின்னால் சொல்கிறேன், முதலில் காரியத்தை எழுதிவிடுகிறேன், மிச்சத்தைப் படிக்க உனக்கு மனம் வராவிட்டாலும் இதை மட்டும் படித்துவிடு. மாமாவின் கேமராவுக்கு 28 மில்லிமீட்டர் லென்ஸ் நன்றாகப் பொருந்தும். திருகிப் பூட்டும் வகை, திருகின் விட்டம் 42 மில்லிமீட்டர், கடைக்காரரிடம் இப்படியே சொல். 35 வேண்டாம், விலை கொஞ்சம் குறைவுதான், ஆனால் காசிச் சந்து மாதிரி இடத்தில் போதாது. 24 மில்லிமீட்டரும் 20 மில்லிமீட்டரும் கனம், விலையும் எட்டாது, ஓரத்தில் நிற்கிறவர்களின் முகம் வேறு இழுத்துக்கொள்ளும். 28-லேயே 2.8 என்று போட்டிருப்பதை விட்டு 3.5 என்று போட்டிருப்பதை எடு, பகலில் ஊர் சுற்றுகிறவருக்கு அந்த வெளிச்சம் தாராளம், லென்ஸும் சின்னதாக ஜிப்பாப் பையில் அடங்கிவிடும். அந்தக் கேமரா தானாகக் கண்ணைச் சுருக்கிக்கொள்ளாது, ஆகையால் கையால் சுருக்கும் பழைய மாதிரியே போதும், அதுதான் மலிவு. ஒருவர் உபயோகித்ததாக இருந்தாலும் பாதகமில்லை, ஆனால் விளக்குக்கு நேரே பிடித்து உள்ளே சிலந்தி வலை போல் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்து வாங்கு, ஈர ஊரிலிருந்து இன்னொரு ஈர ஊருக்கு வருகிற சாமான். இவ்வளவும் நான் 24-ம் தேதிக்கு முன்பே தெரிந்து வைத்திருந்தேன். காலி ஸ்லைடு அட்டை ஒன்றை எடுத்துக் கண்ணிலிருந்து 28 மில்லிமீட்டர் தூரத்தில் பிடித்தால் 28 லென்ஸ் எவ்வளவு பார்க்குமோ அவ்வளவு தெரியும், 58-ல் பிடித்தால் இப்போது எங்களிடம் இருக்கிற லென்ஸ் பார்க்கிற அளவு. அளவுகோலும் அட்டையுமாகப் பாலிகஞ்ச் ஸ்டேஷன் பாலத்தின் மேல் நின்று மூன்று நாள் பார்த்தேன். சாட்டர்ஜியின் இரண்டாவது பிள்ளை அந்த வழியாக வந்தவன், கீ தேக்சேன் மேஷோமஷாய், என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டான், சும்மா என்றேன். 58-ல் ஒரு டீக்கடையும் பாதி ரயில் பெட்டியும் தெரிந்தன. 28-ல் இரண்டு பிளாட்பாரமும் முழுசாக வந்து விழுந்தன. அப்போது எனக்கு ஏற்பட்டதை ஆசை என்று சொன்னால் அது பாதிதான்.

நீ கடிதத்தில் கேட்டது இது. மாமாவுக்கு ஒரு லென்ஸ் வாங்கிக் கொடுக்கிறேன், கைக்கு அடக்கமாக, விலையும் கட்டுப்படியாகிற மாதிரி எது பொருந்தும் என்று நீங்கதான் கணக்காப் பார்த்துச் சொல்லணும் அப்பா என்று. அடுத்த வரியில் உங்களுக்கும் ஒன்று வேண்டுமா என்று இருக்கும் என்று நினைத்து ஏரோகிராமின் மடிப்பைக்கூடப் பிரித்துப் பார்த்தேன். இல்லை. வைத்தியநாதனும் நானும் ரயில்வே டிராயிங் ஆபீஸில் ஒரே மேஜைக்கு இரண்டு பக்கமும் முப்பது வருஷம் உட்கார்ந்தவர்கள், ஒரே கடையில் ஒரே நாளில் ஒரே ரஷ்யக் கேமராவை ஆளுக்கொன்று வாங்கினவர்கள், அவருக்குப் பொருந்துவது எனக்கும் பொருந்தும் என்பது உனக்குத் தெரியும். எடுக்கிற ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம், வேகம், தூரம் எல்லாம் நோட்டில் குறித்து வைக்கிறவன் நான். தன் கேமராவின் திருகு என்ன அளவு என்றுகூட அவருக்குத் தெரியாது. இருந்தும் உனக்குப் பத்து வயதில் கேமராவைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது அவர். நீ பினாங்கு போய் எடுத்த படங்களை முதலில் அனுப்பியதும் அவருக்குத்தான், என் பெண் எடுத்த படத்தை அவர் தன் கவரிலிருந்து உருவி எனக்குக் காட்டினார். நான் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

பூஜை லீவில் வழக்கம்போல் ரயில்வே பாஸில் நானும் அம்மாவும் வைத்தியநாதனுமாகக் காசி போனோம் அல்லவா, அங்கே நடந்ததையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். கரை முழுவதும் படத்தில் வரட்டும் என்று நான் படகுக்காரனை இன்னும் கொஞ்சம் பின்னால் போ, இன்னும் கொஞ்சம் என்று சொல்லிச் சொல்லிக் கடைசியில் எதிர்க்கரை மணலில் படகு தட்டி நின்றது, படித்துறைகளெல்லாம் தீப்பெட்டி அளவுக்குப் போய்விட்டன. சந்துகளில் பின்னால் போக இடமே கிடையாது, மூன்று அடி வைத்தால் முதுகில் மாடு இடிக்கும். அன்று சத்திரத்தில் தங்கியிருந்த ஒரு வங்காளி கனவான் தன் 28 லென்ஸை வைத்தியநாதனுக்கு ஒரு மணி நேரம் இரவல் கொடுத்தார். எனக்கு வேண்டுமா என்று அவர் கேட்கவில்லை, நானும் கேட்டு வாங்கவில்லை. இவர் அதைத் திருகிக்கொண்டு, மன்னி அப்படியே நில்லுங்கோ, ஓய் நீர் கொஞ்சம் ஒதுங்கும் என்று சொல்லி, சந்து வாசலில் பூக்கூடையோடு நின்ற அம்மாவை ஒரே ஒரு படம் எடுத்தார். கீழே ஈரக் கல், மேலே ஒரு கீற்று வானம், நடுவில் அம்மா முழுசாக. அதைப் பெரிசு பண்ணி ஹாலில் மாட்டியிருக்கிறாள். நான் எடுத்ததெல்லாம் ஆல்பத்தில் இருக்கிறதே என்றேன். அதற்கு அவள், நீங்க எடுத்த படம் எதிலேயாவது எனக்குக் கால் இருக்கா, நாப்பது வருஷமா முழங்காலோட நிறுத்திட்டேளே, அந்த வலிதானோ என்னவோ இது என்று சொல்லிச் சிரித்தாள். அவர் சிரித்தார், நானும் சிரித்து வைத்தேன். பிறகு நம் தமிழ்ச் சங்கத்தில் ஸ்லைடு காட்டிய அன்று என்னுடைய பத்தொன்பதாவது ஸ்லைடில் கரண்ட் போயிற்று. திரும்பி வந்ததும் காரியதரிசி குருமூர்த்தி, சாருடையது இன்னும் நிறைய இருக்கு, அடுத்த மாசம் பார்த்துப்போம், வைத்தியநாதனோடது பத்துதானே, போட்டுடலாம் என்றார். அந்தப் படத்துக்குக் கைதட்டினார்கள். என் மனைவியின் படத்துக்கு, ஷியாமளா, நான் இருட்டில் உட்கார்ந்து கை தட்டினேன்.

உன் கடிதம் வந்தது அதற்கு மறுநாள். மூன்று நாள் பாலத்தில் நின்றேன், நாலாம் நாள் உட்கார்ந்து எழுதினேன். 28 லென்ஸின் திருகு அவர் கேமராவில் ஏறாது என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பொருந்தினாலும் பிரயோஜனமில்லை, பாவம் இப்போதெல்லாம் அவருக்குக் கை நடுங்குகிறது என்றும் ஒரு வரி சேர்த்தேன். அவர் கை நடுங்கவில்லை. அந்த வரியை இன்னொரு தரம் படித்துப் பார்த்து, மடித்து ஒட்டிவிட்டேன்.

நேற்றுக் காலை அவர், நீ அவருக்கு எழுதிய கடிதத்தோடு கஸ்பாவிலிருந்து நடந்தே வந்தார். கையைப் பற்றிக் கவலைப்பட்டு டாக்டரிடம் காட்டச் சொல்லி எழுதியிருக்கிறாய். வந்தவர் அம்மா கொடுத்த காப்பி டம்ளரை உள்ளங்கையில் நிறுத்தி நீட்டி, மன்னி, நன்னாப் பாருங்கோ, நடுங்கறதா என்று கேட்டார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை என்றாள் அம்மா. அப்ப இந்தக் குழந்தை எங்கே பார்த்தா, நான் அனுப்பின காசிப் படத்திலே தெரிஞ்சிருக்கணும் என்று சொல்லி நாற்காலியைப் போட்டு ஏறி, மாட்டியிருந்த படத்தைக் கழற்றி, என் பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போய்விட்டார். கால் மணி நேரம் பார்த்தார். இந்தப் பூக்கிட்ட லேசா அலைஞ்சிருக்கோ ஓய், உமக்குத்தான் தெரியும், பார்த்துச் சொல்லும் என்று என்னிடம் நீட்டினார். ஒன்றும் அலையவில்லை, ஊசி மாதிரி இருந்தது. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும், படத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். லென்ஸ் பேச்சு வந்தபோது, சௌந்தரராஜன், நீர் பார்த்துப் பொருந்தாதுன்னா பொருந்தாதுதான், ராமேஸ்வரத்திலே ஒரு நாள் உமக்கு ஒரு நாள் எனக்குன்னு மாத்தி மாத்திப் போட்டுக்கலாம்னு இருந்தேன், போகட்டும் என்றார். உனக்கு நிஜத்தை எழுதுவது என்று தீர்மானித்த பிறகு இதையும் மறைக்கவில்லை, அதைக் கேட்டு எனக்கு வெட்கத்துக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. அதிலும் அவர் என்னைவிடப் பெரியவராகிவிட்டாரே என்று.

அவர் போனபின் அம்மா படத்தைத் துடைத்து மறுபடி மாட்டினாள். மத்தியானம் சாப்பாடு போடும்போது, ஷியாமளாவுக்கு நீங்களே எழுதிடுங்கோ, நான் எழுதினா நன்னாருக்காது என்றாள். ஆகவே எழுதிவிட்டேன். நீ மாமாவுக்கு எழுதும்போது கையைப் பற்றி எழுதியது தவறான தகவல், படம் அப்பழுக்கில்லாமல் இருக்கிறது என்று தெளிவாக எழுது. தகவல் கொடுத்தது யார் என்பதை நானே அவரிடம் சொல்லிக்கொள்கிறேன், புதன்கிழமை அவர் வீட்டுக்குப் போவதாக இருக்கிறேன். தைரியம் வராமல் பாதி வழியில் திரும்பிவிட்டால் அம்மா என்னைத் திருப்பி அனுப்புவாள். என்னைப் பற்றி நீ என்ன நினைப்பாய் என்று தெரியவில்லை, இரண்டு வாரம் எழுதாமல் இருந்தாலும் நான் குறை சொல்ல முடியாது, அதற்குமேல் இருந்துவிடாதே.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், குழந்தைக்கு முத்தம், நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு தீர்க்காயுசாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. இஸ்மாயிலிடம் நம் வீட்டு விலாசத்தைக் கொடுக்காதே, கஸ்பாவில் மாமாவின் விலாசத்தையே எழுதிக்கொடு, லென்ஸை அவர் கையிலேயே கொடுக்கச் சொல். ஒரு நாள், ஒரு மணி நேரம் அது நம் அலமாரியில் இருந்தாலும் என் கேமராவில் திருகிப் பார்ப்பேன், திருகினால் கழற்ற மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
சௌந்தரராஜன்