வலது மூன்று

நவம்பர் 9

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, சாப்பாட்டு மேஜைக்கு மேலே தொங்கும் பல்பை மாற்றுவது என்று இன்று காலை முடிவு செய்தேன். பழையது நன்றாகவே எரிகிறது. ஆகவே இதைப் பழுதுபார்ப்பு என்று சொல்ல முடியாது, கொள்கை முடிவு. கடைக்காரர் எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று கேட்டார். இருப்பதிலேயே அதிகம் என்றேன். இப்போது எங்கள் மேஜையில் அறுவை சிகிச்சையே செய்யலாம்.

என் கணவர் பல்பைக் கவனிக்கவில்லை. செய்தித்தாளைக் கை நீளும் மட்டும் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "இப்பல்லாம் என்ன மையில அச்சடிக்கிறானுங்களோ" என்றார். விளையாட்டுப் பக்கத்தில் எங்கள் படம். கார் ராலிப் பந்தயத்தில் நான்காவது முறையாகச் சாம்பியன். என் பெயர் பெரிய எழுத்தில், அவர் பெயர் சின்ன எழுத்தில். அவர் பெயரை நான்தான் படித்துச் சொன்னேன்.

நவம்பர் 10

எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் யாரிடமாவது உளறிவிடுவேன்.

ராலியில் காருக்குள் இரண்டு பேர். ஓட்டுவது நான். பக்கத்தில் உட்கார்ந்து, வரப்போகும் வளைவுகளை ஒவ்வொன்றாகப் படிப்பது என் கணவர். பந்தயத்துக்கு முன்பு பாதையில் மெதுவாகப் போய், நான் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொள்வார். வளைவின் எண் ஒன்று என்றால் ஊர்ந்து திரும்பு. ஆறு என்றால் மிதி. பந்தயத்தன்று நான் நம்புவது என் கண்ணை அல்ல, அவர் குரலை. வீட்டிலும் வழி சொல்பவர் அவர்தான். காரில் மட்டும் கேட்கிறேன். பதினோரு வருடமாக இப்படி.

கடைசிப் பந்தயத்தில், கல்குவாரிக்கு மேலே போகும் ஏற்றத்தில், "வலது ஐந்து" என்றார். நான் எழுதச் சொன்னது வலது மூன்று. அந்த வளைவில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. அதனால் எனக்கு நினைவிருந்தது. பிரேக்கை மிதித்தேன். அப்படியும் கோப்பை வந்தது. மேடையில் என் தோளைத் தட்டி, "அந்த அஞ்சுல என்ன பயம் உனக்கு?" என்றார்.

நவம்பர் 11

கண்ணாடி என்ற சொல்லை மெதுவாக மேஜையில் வைத்துப் பார்த்தேன்.

"நான் என்ன கிழவனா? எங்கப்பா எழுபது வயசுல ஊசில நூல் கோத்தவரு."

அடுக்களையில் அத்தை இருமினார். அத்தை இவரைப் பெற்றவர். இருமல் அவருக்கு வழக்கமில்லை.

நேராகச் சொல்லிவிடலாமா? இந்த மனிதருக்கு உலகில் இருக்கும் ஒரே கர்வம், ஒரு தடவைகூடத் தப்பாகப் படித்ததில்லை என்பது. பேட்டிகளில் வேறு எதையும் சொல்வதில்லை. சொன்னால் அவர் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் அடுத்த வருடம் இரண்டு பேரும் உடைந்துபோவோம், காரோடு சேர்த்து. அடுத்த வருடமே இல்லாமல் செய்துவிட்டால்?

நவம்பர் 14

வாசலுக்கும் மொட்டைமாடிக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். "எதையாவது தொலைச்சிட்டியா?" என்று கேட்டார் அத்தை.

நவம்பர் 19

ஓய்வு அறிவித்தாயிற்று.

நேற்றே அவரிடம் சொன்னேன். "கேக்குறியா, சொல்றியா?" என்றார். "சொல்றேன்."

பத்திரிகைக்காரர்களிடம், அடைய வேண்டியதையெல்லாம் அடைந்துவிட்டதாகச் சொன்னேன். ஒருவர் கண் கலங்கினார். அணி மேலாளர் கலங்கவில்லை. "முப்பத்தெட்டு வயசுல, ஜெயிச்ச கையோட... உடம்புக்கு ஏதாவதா?"

"அலுப்பு."

"அது எனக்கும்தான் இருக்கு. நான் வேலைக்கு வரலையா?"

வீட்டில் அத்தையின் முகத்தில் உண்மையான கவலை. "அப்ப இனிமே தினமும் வீட்லயேவா இருப்ப?"

நவம்பர் 26

அலமாரி டப்பாக்களை உயரவாரியாக அடுக்கினேன். அத்தை எல்லாவற்றையும் பழையபடி அடுக்கினார்.

முடிதுறந்த அரசர்களைப் பற்றி ஒரு புத்தகம் வாங்கி வந்தேன். பாதிப் பேர் தோட்டம் போட்டிருக்கிறார்கள். மீதிப் பேர் படை திரட்டியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் தோட்டம் இல்லை.

நவம்பர் 27

பால் வாங்க நடந்து போனேன். தெருமுனையில் வாய் தானாக "இடது நான்கு" என்றது.

டிசம்பர் 3

என் இடத்துக்குப் பம்பரத்தை எடுத்திருக்கிறார்கள். இருபத்துமூன்று வயது. முதல் பந்தயத்தில் காரை நடுச்சாலையில் சுற்றவிட்டதால் அந்தப் பெயர். நல்ல கை. பயம் கிடையாது. பாதையை நினைவில் வைத்துக்கொள்ளும் பழக்கமும் கிடையாது; காதில் விழுவதை நம்பி மிதிப்பவள்.

அவள் வீட்டுக்கே வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து படிக்க இவரைக் கேட்கிறாள். என்னை அக்கா என்றாள், இவரை அங்கிள் என்றாள். சந்தோஷத்தில் இவர் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

"நீங்க சொன்னா நான் கண்ண மூடிக்கிட்டு ஓட்டுவேன், அங்கிள்."

"வேணாம்மா, தொறந்தே ஓட்டு." பல நாட்களுக்குப் பிறகு சிரித்தார். ஒப்புக்கொண்டுவிட்டார்.

அடிப்பாவி, என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்? இவரு மனசு நோகக் கூடாதுன்னு — யாரோ பெத்த பொண்ண அந்தப் பாறைக்குப் பக்கத்துல கொண்டுபோய் —

டிசம்பர் 4

சொல்லவில்லை.

டிசம்பர் 5

சொல்லிவிட்டேன். மேஜையில், புது பல்புக்குக் கீழே. "கல்குவாரி ஏத்தத்துல நீங்க அஞ்சுன்னு படிச்சது மூணுங்க."

சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. "அதுக்குத்தான் ஓட்டுறத நிறுத்தினியா?"

"ஆமா."

"பதினோரு வருஷம் பக்கத்துலயே உக்காந்திருந்தேனே. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல முடியல?"

"உடைஞ்சு போயிடுவீங்கன்னு..."

"மலைலேர்ந்து உருண்டா உடைய மாட்டேனா?"

எழுந்து போய்விட்டார். அத்தை தட்டை எடுத்தார். "ஊசில நூல் கோத்ததெல்லாம் நான்தான். அவரு இருந்தவரைக்கும் நானும் வாயத் தொறக்கல" என்றார். சற்று யோசித்து, "ஆனா நூல் கோக்கலன்னு யாரும் செத்துப் போக மாட்டாங்க" என்றார்.

டிசம்பர் 8

மூன்று நாளாக அவர் செய்தித்தாளைப் பிரிக்கவில்லை.

டிசம்பர் 10

மருந்துக்கடையில் படிக்கும் கண்ணாடிகள் தொங்குமாம். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து ஒன்றை வாங்கி வந்திருக்கிறார். கடைசிப் பந்தயத்தின் குறிப்புகளை எடுத்து, மேஜையில் உட்கார்ந்து, முதலிலிருந்து உரக்கப் படித்தார். நான் எதிர் நாற்காலியில். மேஜைக்கு அடியில் என் கால் தானாக மிதித்துக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருந்தது. கல்குவாரி வந்தது.

"வலது மூணு." நிறுத்தினார். "நல்லா பெருசாத்தான் எழுதியிருக்கேன்."

கடைசிப் பக்கம் வரை ஒரு பிசகு இல்லை. மூடி வைத்துவிட்டு மேலே பார்த்தார். "இந்த பல்பு ஏன் இப்படிக் கண்ணக் கூசுது?"

டிசம்பர் 11

மேலாளருக்குப் போன் செய்தேன். அலுப்பு சரியாகிவிட்டது என்றேன்.

"ரொம்ப சந்தோஷம்ங்க. ஆனா அந்தப் பொண்ணு மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாச்சு. உங்க சாரும்தான்." பிறகு மரியாதைக்காக, ஆலோசகர் என்று ஒரு பதவி இருப்பதாகச் சொன்னார். என்ன வேலை என்று கேட்டேன். "அதத்தாங்க யோசிச்சிட்டிருக்கோம்."

வீட்டில் இவரிடம் இதைச் சொல்லவில்லை. திரும்பவும் ஆரம்பித்துவிட்டேனா? சாயங்காலம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

பிப்ரவரி 16

இந்த வருடத்தின் முதல் ராலியும் அதே மலையில்தான். ஹெல்மெட்டுக்குள் கண்ணாடி நழுவாமல் இருக்க அத்தை ஒரு நாடா தைத்துக் கொடுத்திருந்தார். ஊசியில் நூலை நான் கோத்தேன். பழைய பல்பையே திரும்ப மாட்டிவிட்டு, அத்தையும் நானும் டிவியில் பார்த்தோம்.

பம்பரத்துக்கு முதல் இடம். கல்குவாரி ஏற்றத்தில் அவர்கள் நேரம் என்னுடையதைவிட நான்கு விநாடி குறைவு.