தாழ்ப்பாளில் கட்டிய டேப்

அன்புள்ள வாயாடிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள், இங்கே நானும் சுகம் என்று வழக்கம்போல எழுதிவிட்டேன், முழுக்கப் படித்துவிட்டு நம்பினால் போதும்.

வலது கை இன்னும் தோளுக்கு மேலே ஏறவில்லை. கை சுலபமாக நுழையட்டும் என்று நீ அனுப்பினாயே இழுபடும் துணி, அதில் ஒரு சட்டை தைக்க உட்கார்ந்தேன். நாற்பது வருடம் ஊருக்கே சட்டை தைத்தவனுக்கா தெரியாது என்று என் அளவுக்கு முன்பு வெட்டி வைத்திருந்த பேப்பர் கட்டிங்கை அப்படியே துணிமேல் வைத்து வெட்டினேன், போட்டுப் பார்த்தால் சாக்குக்குள் இறங்கின மாதிரி இருந்தது. மாடிவீட்டுப் பெண் பனியன் கம்பெனியில் தைப்பவள், பார்த்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். சாதாத் துணிக்கு விடுற லூஸை இதுலயும் விட்டிருக்கீங்க மாமா, இது தானா கொடுக்கும், சுத்தளவுல நாலு இஞ்ச் குறைச்சிடுங்க, இழுபடுற பக்கம் உடம்பைச் சுத்தி வரட்டும் என்றாள். எனக்கே பாடம்! இருந்தாலும் பேப்பரைத் திருத்தி மறுபடி வெட்டித் தைத்தேன், அப்போதும் தொளதொள. உன் கணக்கு தப்பு என்று அவளிடம் சண்டைக்கே போய்விட்டேன். கட்டிங் எப்ப எடுத்த அளவு மாமா என்று மட்டும் கேட்டாள். உன் கல்யாணத்துக்காக அம்மா எடுத்த அளவு அது.

அம்மா இருந்தவரை அவள்தான் டேப்பை என் முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து பிடிப்பாள், மூச்சை இழுத்து ஏமாத்தாதீங்க என்று வயிற்றில் ஒரு குத்தும் விடுவாள். இப்போது கை பின்னால் போகாது. ஊரையெல்லாம் அளந்தவனை அளக்க வீட்டில் ஓர் ஆள் இல்லையே கண்ணு. கடைசியில் டேப்பின் முனையைக் கதவுத் தாழ்ப்பாளில் கட்டி, மறுமுனையை மார்போடு பிடித்துக்கொண்டு நானே ஒரு சுற்று சுற்றினேன். நாற்பது இருந்த மார்பு முப்பத்தைந்துதான். துணிமேல் குற்றமில்லை. தனி ஆளுக்காக அடுப்பைப் பற்றவைக்க மனம் வருவதில்லை, ரொட்டியும் டீயுமாக ஓடிவிடுகிறது. வயிறாரச் சாப்பிட்டேன் என்று தினமும் ஃபோனில் சொன்னேனே, அதெல்லாம் நான் அளந்துவிட்டது. இது டேப் அளந்தது.

பயந்து ஓடிவராதே. மீதித் துணி ஒரு சட்டைக்குத் தாராளமாக இருக்கிறது, அதை வெட்டவில்லை. லீவு கிடைக்கும்போது நீ வந்து டேப்பைப் பிடி, அதற்குள் உடம்பைத் தேற்றி வைக்கிறேன். நீங்கள் இருவரும் ஒருவர் அளவை ஒருவர் அறிந்து நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்றை மறக்காதே. இனி ஃபோனில் சாப்பிட்டீங்களா என்று கேட்காதே, என்ன சாப்பிட்டீங்க என்று கேள். அப்போதுதான் என்னால் அளக்க முடியாது.

தாழ்ப்பாளிலிருந்து டேப்பை இன்னும் அவிழ்க்காத
உன் அப்பா