ஏழாம் எண் நீலம்

இன்று காலை ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் இருந்த அம்மா என் துப்பட்டாவின் வாசனைக்கு மூக்கைச் சுளித்து, "பெயிண்ட் கம்பெனியில வேலையா பாப்பா?" என்றார். டொலுவீன் என்ற கரைப்பானின் வாசனை, எத்தனை துவைத்தாலும் போவதில்லை. சும்மா தலையாட்டி வைத்தேன். இதே கேள்வியை முன்பு ஒருவர் கேட்டபோது நீ முந்திக்கொண்டு, "இல்லக்கா, டிவிக்கு நீலக் கலர் செய்யுறோம்" என்றாய். "ஏன், கடையில கிடைக்காதா?" "கிடைக்கும்க்கா. சீக்கிரம் கெட்டுப்போகுது." நம் ஆராய்ச்சியை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆய்வகத்தில் என் பக்கத்து மேசை உன்னுடையது. உன் ஆறாவது மூலக்கூறு கரைசலில் நல்ல நீலம். புற ஊதா விளக்கின் கீழ் குப்பியைப் பிடித்துக்கொண்டு, "பாருடீ, பாரு!" என்று குதித்தாய். கண்ணாடித் தகட்டில் பூசிக் காயவைத்ததும் பச்சையாகிவிட்டது. விளிம்பில், பூச்சு மெலிந்த இடத்தில் மட்டும் நீலம் மிச்சமிருந்தது. அதைக் கவனித்து உன்னிடம் மட்டும் சொன்னேன். மூலக்கூறுகள் நெருங்கி ஒன்றன்மேல் ஒன்று படிவதால்தான் நிறம் மாறுகிறது என்று உடனே பிடித்துக்கொண்டாய்.

"பஸ்ல பக்கத்துல கூடையை வெச்சுக்கிட்டா யாரும் ஒட்டி உக்கார முடியாதுல்ல? இதுக்கும் ரெண்டு பக்கமும் கூடை வெப்போம்டீ."

கூடை என்றது பருமனான ஒரு கார்பன் தொகுதியை. ரசாயனப் புகையை இழுக்கும் ஹூட்டின் கண்ணாடிக் கதவிலேயே அந்தப் புது மூலக்கூறை மார்க்கரால் வரைந்து, அடியில் உன் பெயரின் எழுத்துகளோடு ஏழு என்று எண்ணும் போட்டாய். நம் ஆய்வகத்தில் மூலக்கூறைச் செய்து முடித்தவர் பெயரில்தான் எண் விழும்.

"செய்யுறதுக்கு முன்னாடியே பேரா?"

"புள்ளை பொறக்குறதுக்கு முன்னாடி யாரும் பேர் யோசிக்கிறதில்லையா? போடீ."

மழைக்காலத்துக் காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பவில்லை. அந்த ஏழாவதை நான் செய்தேன். பூச்சில் விளிம்பும் நடுவும் ஒரே நீலமாக இருந்தன. நம்பாமல் இன்னொரு தகட்டில் பூசிப் பார்த்தேன். அதுவும் நீலம்.

போன வாரம் கட்டுரைக்கு அட்டவணை தயாரிக்கும்போது நம் வழிகாட்டி சார், "செஞ்சது நீதானே, உன் பேர்ல ஒண்ணுன்னு போடும்மா" என்றார். அப்படிப் போட்டால் உன் வரிசை ஒரு பச்சையோடு முடிந்துவிடும். வீட்டில் முதலில் கல்லூரிக்கு வந்தவள் நான். சாரிடம் மறுத்துப் பேசிப் பழக்கமில்லை. அப்படியே நின்றேன்.

"என்னம்மா?"

"வரைஞ்சது அவ, சார்."

"செஞ்சவங்க பேர்தானேம்மா போடுவோம்."

"தெரியும், சார்."

 சொல்லிவிட்டும் நகரவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, ஏழுன்னே போடு."

ஏழும் மின்சாரம் கொடுத்து எரியவிட்டால் சீக்கிரம் மங்குகிறது. எந்தப் பிணைப்பு முதலில் அறுகிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். அதைச் சரிசெய்து அடுத்த மூலக்கூறைச் செய்துவிட்டால், அது என் பெயரில் ஒன்று. எட்டு என்று எழுதத்தான் கை போகிறது.