அன்னத்தோட தலைய எங்கபா வெச்ச?

யோவ், இன்றைக்குக் காலை பதினோரு மணிக்கு நீ என்னை ஆபீஸே கேட்கும்படி திட்டினாய்.

மூலைக் கம்ப்யூட்டரின் ஸ்பீக்கரிலிருந்து, அதே எரிச்சலோடு: "யார்பா அது? அன்னத்தோட தலைய எங்கபா வெச்ச?" உன் குரலுக்குப் பின்னால் கீழ்வீட்டுத் தறி தடதடத்தது. நீ அதைப் பதிவு செய்த மத்தியானத்தில் ஓடிய தறி. புதிதாகச் சேர்ந்த பிரியா பதறிப்போய்க் கையிலிருந்த தண்ணீரை என் பேண்டில் கொட்டிவிட்டு, "யார் சார் அது?" என்றாள். "என் சிநேகிதன்மா. போன ஆடியில செத்துட்டான்" என்றேன். அதற்குப் பிறகு அந்த மூலைப் பக்கமே அவள் போகவில்லை. பிரிண்டர் அங்கேதான் இருக்கிறது, பாவம்.

பிள்ளையார்பாளையத்தில் இதே மாடி ரூமில் நாம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து எழுதிய சாஃப்ட்வேர் ஞாபகமிருக்கிறதா? புடவைக்குப் படம் வரைய ஒன்று, அந்தப் படத்தைத் தறிக்கான அட்டையில் துளையாகக் குத்த இன்னொன்று, இரண்டுக்கும் பொதுவான நிரல்களை வைக்க நூலகம் என்று ஒன்று. மூன்றும் தனித்தனி ரெப்போ, தனித்தனிப் பெட்டி மாதிரி. நூலகம் என் பொறுப்பு, அட்டை உன் பொறுப்பு. படத்தின் உச்சியில் காலியாகக் கிடந்த பத்து வரிகளை வீண் என்று நினைத்து நான் நூலகத்திலேயே வெட்டிவிட்டேன். உன் அட்டை நிரலும் தன் பங்குக்குப் பத்து வரி வெட்டும் என்பதை மறந்துபோனேன். மறந்தேன் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வதுதான். பார்க்கவே இல்லை.

நாலு நாள் கழித்து ஒரு நெசவாளர் சாண் அளவு துணியோடு மாடியேறி வந்தார். கரை முழுக்க அன்னங்கள். ஒன்றுக்கும் தலை இல்லை.

"கால், இறக்கை எல்லாம் நல்லா வந்திருக்குது சார். தலை மட்டும் காணோம். இனிமே வருமா?" என்று அவர் நிஜமாகவே கேட்டார்.

நீ துணியை வாங்கிப் பார்த்துவிட்டு, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னாய்: "வரும்பா. இப்பதான் கழுத்து வரைக்கும் வந்துக்கினு இருக்குது."

அவர் படியிறங்கும் வரை பொறுத்திருந்து, அப்புறம் என் பக்கம் திரும்பினாய். அந்த வசனமெல்லாம் மடலில் எழுதத் தகாது.

அடுத்த வாரமே மூலைக் கம்ப்யூட்டரைக் காவலுக்கு உட்கார வைத்தாய். யார் எந்த ரெப்போவில் ஒரு வரி மாற்றினாலும் அது மூன்றையும் சேர்த்து ஒரே சாஃப்ட்வேராகக் கட்டும். கட்டி முடித்து ஒரு அன்னப் படத்தை அட்டை வரைக்கும் ஓட்டி, உன்னிடமிருந்த பழைய சரியான அன்னத்தோடு வரி வரியாக ஒப்பிடும். ஒரு புள்ளி குறைந்தாலும் மாற்றத்தை உள்ளே விடாது. ஸ்பீக்கரில் உன் குரல் வரும். சரியாக இருந்தால் சத்தமே இருக்காது. "பாஸானா ஒரு மணியாவது அடிக்க வையேன்" என்று கேட்டேன். "நல்லா இருந்தா எதுக்குபா சத்தம்?" என்றாய்.

வாரத்துக்கு மூன்று முறையாவது திட்டு வாங்கினேன். நீ எதிரிலேயே உட்கார்ந்திருப்பாய். ஸ்பீக்கர் கத்தும்போது நிமிராமல், "நான் ஒண்ணும் சொல்லல, அதான் சொல்லுது" என்பாய்.

நீ போன பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. நான் திருந்திவிட்டேன். மத்தியானம் டப்பாவைத் திறந்தால் எதிர் நாற்காலியில் ஆளில்லை. முதலாளி மீசைக்கு மை அடிக்கப்போய்க் கன்னம் கறுத்த கதை, யார் வீட்டுக் கல்யாணத்தில் யாருக்கு இலை போடவில்லை என்ற கதை, எல்லாம் சொல்ல ஆளில்லாமல் சேர்ந்து கிடக்கின்றன. வம்பு பேசுகிற நேரத்திலெல்லாம் வேலையைச் சரிபார்த்தேன். ஏழு மாதத்தில் ஒரு அன்னத்தைக்கூட நான் கொல்லவில்லை. அதனால் ஏழு மாதமாக நீயும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது முதலாளி எங்கேயோ வெளிநாட்டில் ஓடுகிற ஏற்பாடு ஒன்றைப் பிடித்துவிட்டார். மாற்றத்தை அனுப்புவதற்குப் பெயர் புல் ரெக்வெஸ்டாம். "கொஞ்சம் பாருபா" என்று நாம் சொன்னதுதான். மூன்று ரெப்போவையும் அதுவும் சேர்த்தே கட்டுகிறது. உன் அன்னத்தையும் பிரியா அதற்குள் பத்திரமாகக் கொண்டுபோய் வைத்துவிட்டாள், கெட்டிக்காரி. சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. மூலைக் கம்ப்யூட்டரை இன்றைக்குச் சாயங்காலம் அணைப்பதாக முடிவாகியிருந்தது.

இப்போது புரிந்திருக்குமே. காலையில் நடந்தது தெரியாமல் செய்த தப்பு இல்லையடா. அந்தப் பழைய பத்து வரி வெட்டலைத் தேடியெடுத்து, மறுபடியும் நூலகத்தில் போட்டு அனுப்பினேன். கட்டி முடிக்க ஆறு நிமிஷம் ஆனது. ஸ்பீக்கர் கம்பி சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை எழுந்துபோய்ப் பார்த்தேன்.

குரல் கோப்பைப் பென் டிரைவில் எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் நானாகக் கிளிக் செய்து கேட்டால் அது பாட்டு கேட்கிற மாதிரி. நான் எதையாவது உடைத்து, அதை நீ கண்டுபிடித்துத் திட்ட வேண்டும்.

நாலு மணிக்குப் பிரியா மூலைக் கம்ப்யூட்டரை அணைத்தாள். உள்ளே ஃபேன் சுற்றி நின்றது. அவள் கிளம்பிய பிறகு, அதே பத்து வரியைப் புதிய ஏற்பாட்டுக்கும் அனுப்பினேன். பிடித்துவிட்டது, கெட்டிக்கார யந்திரம். திரையில் சின்னதாக ஒரு சிவப்பு. அவ்வளவுதான்.

உன் காலி நாற்காலியைப் பார்த்து நானே சொன்னேன்: "யார்பா அது? அன்னத்தோட தலைய எங்கபா வெச்ச?"

எரிச்சல் போதவில்லை. உன்னைப் போல எனக்கு வராது. கீழ்வீட்டுத் தறி மட்டும் பின்னால் அப்படியே கேட்டது.