மூன்று லட்சத்துக்கு ஒன்று குறைவு

நீங்கள் ஓட்டிய பனியன் கம்பெனி வேனின் பழைய மீட்டரை இன்று மெக்கானிக் கொண்டுவந்து கொடுத்தார். புதுசு மாட்டியாயிற்றாம், உங்கள் ஞாபகமாக நானே வைத்துக்கொள்ளலாமாம். சுற்றியிருந்த பனியன் வேஸ்ட் துணியைப் பிரித்ததும் டீசல் வாசமும், நீங்கள் டேஷ்போர்டில் தேய்க்கும் தேங்காய் எண்ணெய் வாசமும் சேர்ந்து வந்தன. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. எழுந்து போய் அணைக்கத் தோன்றவில்லை.

ஊரெல்லாம் வருடம் பார்த்துப் பேசும், நீங்கள் மீட்டர் பார்த்துத்தான் பேசுவீர்கள். நம் மகள் கல்யாணம் எப்போது நடந்தது என்று யாராவது கேட்டால், "ரெண்டு லட்சம் தாண்டி, கிளட்ச் மாத்துனதுக்கு அப்புறமுங்க" என்பீர்கள். நான் தலையில் அடித்துக்கொள்வேன். அந்த ரெண்டு லட்சமாவது கிலோமீட்டர் நம்மூர் ராயபுரத்தில், நல்ல நெரிசலில் வந்தது. வேன் நிறைய வேலைக்குப் போகும் பெண்கள். தைத்த பனியனைச் சரிபார்க்கும் செக்கிங் டேபிளுக்குப் போகவேண்டிய நானும் அவர்களோடுதான் இருந்தேன். நேரமாகிவிட்டால் சூப்பர்வைசர் திட்டுவார் என்று எல்லோரும் முணுமுணுக்க, "வண்டிக்கும் ஒரு மரியாத வேணுமுங்க கண்ணுகளா" என்று ஓரமாக நிறுத்தி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் கொளுத்தினீர்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

பிறகுதான் மாடிப்படி ஏறினால் உங்களுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கோயம்புத்தூருக்குப் போய் நெஞ்சைக் காட்டிவிட்டு வரலாம் என்று எத்தனை முறை கெஞ்சியிருப்பேன். "மீட்டரு மூணு லட்சம் காட்டட்டும் புள்ள. பழம் வெச்சுப்போட்டு, சாவிய மொதலாளி கையில குடுத்துப்போட்டு, நேரா ஆஸ்பத்திரிக்கே போலாம்" என்றீர்கள். சொன்னால் சொன்னதுதான் என்பது உங்கள் சுபாவம். ஆஸ்பத்திரி என்றால் பயம் என்பதும் எனக்குத் தெரியும்.

அப்புறம் மீட்டர் 299999-இல் போய் நின்றது. ஸ்பீடு முள் ஒழுங்காக ஆடியது, விளக்கெல்லாம் எரிந்தது, நம்பர் மட்டும் நகரவில்லை. ஏதோ கோளாறு, ஆர்டர் சீசன் முடியட்டும், கழற்றிப் பார்த்துக்கொள்ளலாம் என்றீர்கள். வண்டியை ஒரு நாள் நிறுத்தினால் சாமளாபுரத்துப் பெண்கள் எப்படி வேலைக்கு வருவார்கள் என்பது உங்கள் கவலை.

"ஏனுங்க, கோயமுத்தூரு போய்ட்டு வந்தா ஒரு கிலோமீட்டரு கூடவா ஆகாது?" என்று நான் கேட்டேன்.

"ஆகும் புள்ள. ஆனா கண்ணுல காட்டோணுமில்ல" என்று சிரித்தீர்கள். மீட்டரின் கண்ணாடியை வேஸ்ட் துணியால் ஒரு முறை துடைத்தும் விட்டீர்கள், அழுக்குதான் மறைக்கிறது என்பதுபோல. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஆயுத பூஜைக்கு வண்டி கழுவும்போது, தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்தபடியே சாய்ந்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரிக்கு அதே வேனில்தான் கொண்டுபோனோம். அப்போதும் அந்த நம்பர் அப்படியேதான் இருந்தது.

இன்று மீட்டரைக் கொடுத்துவிட்டு மெக்கானிக் வாசலில் நின்று சொன்னார். "இதுல ஒரு கோளாறும் இல்லீங்கக்கா. இந்த மாடலு மீட்டரு இதுக்கு மேல ஏறாது, இங்கயே நின்னுக்கும். அண்ணன் ஓட்டுன ஓட்டத்துக்கு மூணு லட்சம் எப்பவோ தாண்டியிருக்குமுங்க." அவர் போனபிறகும் வாசலிலேயே நின்றிருந்தேன். யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. உங்கள்மேல்தான் வந்தது.

இப்போது அதை மடியில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். வண்டியின் பேட்டரியிலிருந்து பிரித்துவிட்டதால் நம்பர் எதுவும் தெரியவில்லை, வெறும் கறுப்புக் கண்ணாடி. நீங்கள் மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டீர்கள். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

எந்த இடத்தில் தாண்டினீர்கள் என்பதுதான் தெரியவில்லை. சாமளாபுரம் திருப்பமோ, ராயபுரத்து நெரிசலோ. அன்றைக்கும் நான் பின் சீட்டில்தான் இருந்திருப்பேன். தக்காளி விலையைப் பற்றி யாரோடாவது பேசிக்கொண்டிருந்திருப்பேன். நாளையும் அதே வேனில்தான் வேலைக்குப் போகவேண்டும். பையில் ஒரு எலுமிச்சம்பழம் எடுத்து வைத்திருக்கிறேன். எங்கே நிறுத்தச் சொல்வது?