மாடத்தில் வைத்த போட்டோ

என்னங்க, முழங்கால் வலி தேவலையா? பேத்தி டாக்டருக்குப் படிப்பதையும், பேரன் ஓட்டத்தில் முதலாக வந்ததையும் இங்கே மண் தோண்டுகிற எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அந்த மூளை என் பிறந்த வீட்டுப் பக்கத்து மூளை என்றும் சொன்னேன், கோபிக்காதீர்கள்.

பழைய ஸ்தூபியை ஒட்டி, புத்த பிக்குகள் தங்கிய அறைகளைத் தோண்டியெடுத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு ஆள் படுக்கிற அளவுதான். அவர்களும் வீட்டை விட்டு வந்தவர்கள்தானே. நேற்று அங்கே மண்ணைக் கூட்டும்போது, பேச்சுத்துணைக்குப் பேரப்பிள்ளைகள் போட்டோவை ஓர் அறையின் விளக்கு மாடத்தில் வைத்து மறந்துபோனேன். காலையில் படமெடுக்க வந்த ஆபீசர், "ஏம்மா, அந்தக் காலத்துலயே போட்டோ பிடிச்சாங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ராத்திரி மழையில் முகங்கள் கரைந்திருந்தன.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். புதுப் போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்புங்கள். இந்தத் தடவை நீங்களும் நடுவில் நில்லுங்கள்.