படலையைப் பூட்டாதேங்கோ, சின்னம்மா

என் அன்பு அக்கா,

இந்தச் சாமத்தில் எழுதுகிறேன் என்று கோபிக்காதீர்கள். முந்தியும் இப்படித்தானே? தெருமுனை டெப்பனர் கடையில் வாங்கிய தொலைபேசி அட்டையைச் சுரண்டி, மகன் நித்திரையான பிறகு அழைப்பேன். "உனக்குத்தானடி சாமம். எனக்கு இஞ்சை வெயில் கொளுத்துது, சொல்லு" என்பீர்கள். இப்போதும் அவன் இருமுகிறான். நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடிதான் எழுதுகிறேன்.

புற்றுநோய் உங்களைக் கொண்டுபோய் ஒரு வருடம். நினைவுப் பூசைக்கு அச்சிடும் மலருக்கு என்னிடம் இரண்டு வரி கேட்டார்கள். யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, மிருக வைத்தியம் படிக்க ஆசைப்பட்டு, படித்தும் முடித்து, அவுஸ்திரேலியாவின் உள்நாட்டில் கண்ணுக்கெட்டாத ஒரு செம்மறிப் பண்ணையை நடத்திய பெண்ணை இரண்டு வரிக்குள் எப்படி அடக்குவது?

அதைவிட, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் மகள் அனிற்றாவை நான் என்னோடு கூட்டி வரவில்லை.

எல்லாம் ஆயத்தமாகத்தான் இருந்தது. மொன்றியலில், கார்ட்டியர்வில்லில் எங்கள் வீட்டு அறையில் அவளுக்குக் கட்டில் போட்டாயிற்று. "தாயில்லாத பொம்பிளைப் பிள்ளையை ஆட்டுக்கூட்டத்துக்குள்ளை விடேலுமோ? காய்ச்சல் எண்டாலும் டொக்டர் பிளேனிலை எல்லோ வரோணும்" என்றார் பெரியண்ணை. எனக்கும் அதே பயம். தகப்பன் பீட்டர் அத்தானோ, "அவள் வர விரும்பினால் நான் மறிக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னார். மகனை அவனுடைய அப்பாவிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டேன்.

ரோமம் வெட்டும் காலம். தூரத்து மேய்ச்சல் நிலங்களிலிருந்து ஆடுகளைப் பட்டிக்குச் சாய்த்துவர அனிற்றாவும் நானும் அத்தானோடு லொறியில் போனோம். மழையைக் கண்டு நாளான செம்மண். வழியில் கம்பிவேலியில் ஒரு படலை ஆவென்று திறந்து கிடந்தது. நாங்கள் கடந்ததும் நான் குதித்து ஓடிப்போய் அதைச் சாத்திக் கொளுவினேன். படலை பூட்டாமல் வந்ததற்காக அம்மாவிடம் நாங்கள் வாங்கிய பேச்சு கொஞ்சமா?

"சின்னம்மா! என்ன செய்யிறியள்?" உங்கள் மகள் பின்னால் பாய்ந்து வந்தாள்.

"ஆடு போயிடுமெல்லோ பிள்ளை."

"போகத்தானே வேணும்! தண்ணித் தொட்டி அங்காலை. நீங்கள் பூட்டினா இஞ்சாலை நிக்கிறதெல்லாம் செத்துப்போகும். திறந்து கிடந்தாத் திறந்தபடி. பூட்டிக் கிடந்தாப் பூட்டினபடி. படலையைப் பூட்டாதேங்கோ, சின்னம்மா!"

நான் அவசரமாகக் கொளுக்கியைக் கழற்றினேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அம்மாவும் வந்த புதிசிலை இதே படலையைத்தான் பூட்டினவவாம். அப்பா இண்டைக்கும் சொல்லிச் சிரிப்பார்."

அக்கா, இதை நீங்கள் எனக்குச் சொல்லவே இல்லையே!

பிறகு நான் கண்டதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மேட்டுக்கு அப்பால் புழுதி எழுந்தது. அதற்குள்ளிருந்து செம்மறிகள் வெள்ளம் மாதிரி இறங்கின. அனிற்றா லொறியின் பின்தட்டில் ஏறி நின்று, "சுத்தி வா! சுத்தி வா! பொறு... படுடா!" என்று கத்தினாள். அவுஸ்திரேலிய நாய்கள் யாழ்ப்பாணத் தமிழுக்கு ஓடின, நின்றன, படுத்தன. நீங்கள் பழக்கிய நாய்கள். வேலையாட்களும் அதே சொற்களைத்தான் பாவிக்கிறார்கள். அத்தான் "பொறு"வைப் "போரூ" என்கிறார். நாய்கள் பெரிய மனசு பண்ணிக் கேட்கின்றன.

உங்களைப் பார்த்துத்தான் நானும் மொன்றியலுக்குப் பக்கத்தில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ வளாகத்தில் கால்நடை விஞ்ஞானம் படித்தேன். அங்கே பார்த்த ஆடுகள் ஒரு கொட்டிலுக்குள் அடங்கும். உங்களுடையவை அடிவானம் வரை நின்றன. பக்கத்தில் நின்ற ரோமம் வெட்டுகிறவரிடம், "இந்தப் பண்ணையை நடத்தினது என் அக்கா" என்றேன். அவருக்குத் தெரியாததா? ஆனாலும் சொல்ல வேண்டும் போலிருந்தது.

பின்னேரம் அவளிடம் கேட்டேன். "மொன்றியலுக்கு வாறியோ அனிற்றா? கட்டில் போட்டு வைச்சிருக்கு. தம்பியும் இருக்கிறான்."

கொஞ்ச நேரம் நாயின் காதைத் தடவினாள். "உங்களை எனக்கு விருப்பம், சின்னம்மா. ஆனா நான் வந்தா, இதுகளோடை ஆர் வடிவாத் தமிழிலை கதைக்கிறது? அப்பாக்கு ஒழுங்கா வராது."

 திரும்பி வரும்போது அந்தப் படலை திறந்தே கிடந்தது. நான் லொறியை விட்டு இறங்கவில்லை.

பெரியண்ணை என்னோடு கதைப்பதில்லை. "போன வேலையை விட்டிட்டுப் புழுதி குடிச்சிட்டு வந்திருக்கிறாள்" என்று அண்ணியிடம் சொன்னாராம். கட்டிலை இன்னும் கழற்றவில்லை. அதைப் பார்க்கிற நேரமெல்லாம் விரிப்பை இழுத்துச் சரிசெய்கிறேன். அவளுக்குக் காய்ச்சல் வந்தால்? வளர்ந்து, ஏன் என்னை விட்டுவிட்டுப் போனீர்கள் என்று கேட்டால்? ஆனால் அந்தப் பின்தட்டில் நின்ற பிள்ளையை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது, அக்கா.

ஒவ்வொரு ரோம வெட்டுக்கும் மகனையும் கூட்டிக்கொண்டு போவேன். ஞாயிறு பூசை முடிந்து அவளுக்கு அழைத்து, தமிழிலேயே கதைப்பேன். கட்டிலும் அப்படியே இருக்கும். வர நினைத்தால் வரட்டும். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

நான் செய்தது சரியா, அக்கா? கெதியாய் ஒரு பதில் போடுங்கோ.

உங்கள் மகளின் சின்னம்மா,
உங்கள் தங்கச்சி